போட் மெயில் சென்ற தடம்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பாம்பன் கடலின் மீது அமைக்கப்பட்ட புதிய இரயில் பாலம் திறக்கப்பட்டது. அன்றே இராமேசுவரத்திலிருந்து தாம்பரத்திற்கு ஒரு புதிய விரைவு வண்டியும் கொடியசைத்து அனுப்பப்பட்டது. கப்பலுக்கு வழிவிடும் பொருட்டு 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி செங்குத்தாக மேலெழும் புதுமையைச் செய்தித்தாள்கள் வியந்து எழுதின. வியத்தற்குரியதே. ஆயினும் தாம்பரத்திலும் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் வாழும் முதியவர் பலருக்கு அச்செய்தியைப் படித்தபோது நினைவில் எழுந்தது ஒரு பழைய வண்டியின் பெயர்: போட் மெயில்.

இன்றைய இளைஞர்க்கு அப்பெயர் விளங்காது. 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பழைய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் சென்னை எழும்பூரில் வாங்கிய பயணச்சீட்டைக் கொண்டே கொழும்பு வரை செல்ல வழி பிறந்தது. வண்டி தாம்பரம், செங்கற்பட்டு, விழுப்புரம் எனத் தெற்கு நோக்கி ஓடி, ஏறத்தாழ 19 மணி நேரத்தில் தனுஷ்கோடியின் கப்பல் துறையை அடையும். அங்கே காத்து நிற்கும் நீராவிக் கப்பலில் ஏறி 22 மைல் கடலைக் கடந்தால் தலைமன்னார். அங்கிருந்து மறுபடியும் இரயில்.

அவ்வழியே சென்றவருள் பலர் ஊர் சுற்றிப் பார்க்கச் சென்றவர் அல்லர். தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன ஏழைகள் மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்காக நிறுத்தி வைக்கப்பட்டுப் பின்னரே கப்பலேறினர். அவர்களுடைய கண்ணீரை மறந்துவிட்டு அந்த வண்டியின் பெருமையை மட்டும் பேசுதல் முறையன்று. வணிகரும் எழுத்தரும் சென்றனர். இவர்களுக்கிடையே, மடு அன்னையின் ஆகஸ்டுத் திருநாளுக்கென்று மூட்டை முடிச்சுகளோடு புறப்பட்ட நம்மவரும் இருந்தனர்.

மடுத் திருத்தலமே குடும்பங்களின் பயணத்தில் பிறந்தது எனலாம். 1670 அளவில் ஒல்லாந்தரின் கொடுமைக்கு அஞ்சிய கத்தோலிக்கக் குடும்பங்கள், மாந்தையில் இருந்த அன்னையின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் புகுந்தன. குழந்தைகளையும் கிழவிகளையும் விட்டுவிட்டா போயிருப்பர்?

எம் பாட்டியார் 1936ஆம் ஆண்டு, புதுமணப்பெண்ணாக, தம் மாமியாரோடும் மாமியாரின் தாயாரோடும் மடுவுக்குச் சென்று வந்தவர். பாட்டனார் இரயில்வே ஊழியர், பாஸ் உண்டு. கப்பல் ஆடிய ஆட்டத்தில் மூதாட்டி செபமாலையை விடாமல் பற்றிக்கொண்டு, "கரை தெரிகிறதா, கரை தெரிகிறதா" என்று கேட்டுக்கொண்டே வந்தாராம். காட்டில் மரத்தடியில் தங்கி, மூன்று கல் கூட்டிச் சமைத்து உண்டார்களாம். திரும்புகையில் ஒரு பிடி மடு மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து கொணர்ந்தனர். அம்மண் பாம்புக்கடிக்கு மருந்து என்பது மக்கள் நம்பிக்கை. அந்நாளில் தாம்பரம் புதரும் ஏரியுமாய்க் கிடந்த ஊர். ஆகவே அம்முடிச்சு எங்கள் வீட்டு மரப்பெட்டியில் வெறும் நினைவுப் பொருளாக மட்டும் இருக்கவில்லை!

பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கப்பலையும் காட்டையும் காட்டிவிட வேண்டும் என்பது பாட்டியாரின் பெருவிருப்பம். எம் தந்தையாரும் இரயில்வேயில்தான் பணிபுரிந்தார், பாஸுக்குக் குறைவில்லை. "அடுத்த திருநாளுக்குப் போகலாம் அம்மா" என்பார். ஓர் ஆண்டு துறைத் தேர்வு வந்தது. ஓர் ஆண்டு அத்தையின் திருமணம். பின்னர்ச் சேலையூரில் வீடு கட்டும் வேலை. இவற்றில் எதையும் வீண் காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். இதற்கிடையில், 1948ஆம் ஆண்டு இலங்கை இயற்றிய குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின் விளைவாக, கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் தேடி அலைய வேண்டிய பயணமாகவும் அது மாறியிருந்தது. இறுதியில், 1965 ஆகஸ்டில் எப்படியும் செல்வது என்று முடிவாயிற்று.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் வண்டி தனுஷ்கோடி நிலையத்தை அடையுமுன்னரே பேரலையில் மூழ்கிற்று. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் எவரும் பிழைக்கவில்லை. இரயில் நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம், கோயில் யாவும் ஓரிரவில் இடிந்த சுவர்களாயின. சிதைந்த பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சீரமைத்தனர். இந்திய இரயில்வேயின் வரலாற்றில் இன்றும் பேசப்படும் சாதனை அது. ஆனால் தனுஷ்கோடிக்கு இருப்புப்பாதை திரும்பவேயில்லை.

கப்பல் இராமேசுவரத்திலிருந்து பின்னும் சில காலம் தலைமன்னாருக்குச் சென்றது. ஆனால் பாட்டியாரின் முழங்கால்கள் அதற்குள் ஓய்ந்துவிட்டன. 1978இல் அவர் இறைவனடி சேர்ந்தார். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தை அடுத்துக் கப்பலும் நின்றுபோயிற்று. தந்தையார் ஓய்வு பெற்ற 1990ஆம் ஆண்டிலேயே தலைமன்னார் இருப்புப்பாதையும் போருக்கு இரையாயிற்று. ஓய்வூதியமும் ஓய்வு நேரமும் கைக்கு வந்தபோது போவதற்குப் பாதை இல்லை. 2008 ஏப்ரலில் மடு அன்னையின் திருவுருவமே பாதுகாப்புக்காகக் கோயிலை விட்டு எடுத்துச் செல்லப்பட்டு ஆகஸ்டில் திரும்பியது. அச்செய்தியைக் கேட்கத் தந்தையார் இல்லை.

'பெரியவர்கள் இருக்கும்போதே போய்வர வேண்டும்' என்று நாம் சொல்வது வழக்கம். அவ்வாறு சொல்கையில் ஆயுள் பெரியவர்களுக்கு மட்டுமே உண்டு, வழிகள் என்றும் இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். நம் ஊரின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே ஓடத் தொடங்கிய மீட்டர் பாதை மின்வண்டி, நம் பாட்டன்மாரையும் நம்மையும் சுமந்து, 2004 ஜூலை 1ஆம் நாளோடு விடைபெற்றது. எரிமலையோ போரோ வேண்டியதில்லை. பாதையின் அகலம் மாறினாலே ஒரு வழி மறைந்துவிடுகிறது.

லூக்கா நற்செய்தியில் ஒரு சிறு செய்தி உண்டு. பன்னிரு வயது இயேசு எருசலேமில் தங்கிவிட்டதை அறியாமல், பெற்றோர் ஒரு நாள் வழி நடந்து விடுகின்றனர். பிள்ளை உறவினரோடு வருவதாக எண்ணினராம். இதைக் கவனக்குறைவு என்று சில மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. பெரியப்பா, சித்தி, பாட்டி என எவர் கையையாவது பற்றிக்கொண்டு பிள்ளைகள் நடந்த கூட்டுப் பயணம் அது. ஆண்டுதோறும் தவறாமல் சென்றவர்கள் என்பதையும் நற்செய்தியாளர் குறிப்பிடுகிறார்.

புதிய வண்டியின் செய்தி வந்ததும் எம் அன்னையார் செய்தித்தாளை மடித்து மேசைமேல் வைத்து, "இது நம் தாம்பரத்திலிருந்தே போகிறதாமே" என்றார். அகவை 86. அவர் வேறொன்றும் கேட்கவில்லை. மகனிடம் சொன்னோம். "இப்போது விடுப்புக் கிடைக்காது அப்பா, தீபாவளிக்குப் பார்க்கலாம்" என்றான். அக்குரல் எங்கோ கேட்ட குரலாக இருந்தது. எம் தந்தையாரின் குரலேதான். அவன் மீது சினம் வரவில்லை, அச்சம்தான் வந்தது. அன்றிரவு அவனை அமர்த்தி 1965ஆம் ஆண்டின் கதையைச் சொன்னோம். மே மாதத்தில் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டான். சம்பளம் சிறிது குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

மாலையில் தாம்பரத்தில் ஏறினோம். கீழ்ப்படுக்கையில் அன்னையார், அவர் அணைப்பில் ஏழு வயதுப் பேத்தி. பொழுது விடியும் நேரத்தில் வண்டி பாம்பனுக்கு வந்தது. இருபுறமும் கடல். அருகில் பழைய பாலம் வண்டியின்றித் தனித்து நின்றது. "அதில்தான் உன் பூட்டனுடைய அம்மா போனார்கள்" என்று அன்னையார் காட்டினார்.

தனுஷ்கோடிக்கு முன்னெல்லாம் மணலில் வேன்களில்தான் போக முடியும். முதியவர் உடல் அதைத் தாங்காது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. இடிந்து நிற்கும் கோயிலின் சுவரைப் பற்றிக்கொண்டு அன்னையார் சிறிது நேரம் செபித்தார். பின்னர்த் தம் கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தார். அதை அவர் கொண்டுவந்திருந்தது எமக்கே தெரியாது. பேத்தியின் உள்ளங்கையில் வைத்து, மண்ணைக் கொணர்ந்த மூதாட்டி தொடங்கித் தலைமுறைகளை விரல்விட்டு எண்ணினார். குழந்தை ஏழாவது விரலாக வந்தாள். "இது மடு மண்ணா? மடு எங்கே இருக்கிறது, பாட்டி?" என்றாள். அன்னையார் கடலைக் காட்டினார். அங்கே எதுவும் தெரியவில்லை.

அக்கரையில் 2015இல் தலைமன்னாருக்கு இரயில் திரும்பிவிட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் புறப்பட்டது. வழி மீண்டும் திறக்கிறது. ஆனால் 86 வயதில் அன்னையாருக்குக் கப்பல் இயலாது. மகனும் பேத்தியும் போகட்டும். முடிச்சை அவர்களிடமே கொடுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் ஒன்று நினைவுக்கு வந்தது. சொல்லவும் வெட்கமாக இருந்தது. தாம்பரத்திலிருந்து மின்வண்டியில் அரை மணிக்குள் சென்றுவிடக்கூடிய பரங்கிமலைக்குப் பேத்தியை நாம் இதுவரை அழைத்துச் சென்றதில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1986 பிப்ரவரியில் உரோமையிலிருந்து வந்து வேண்டிய மலை அது. நாமோ நாள்தோறும் வண்டியின் சன்னல் வழியே அதைப் பார்த்து நெற்றியில் சிலுவை வரைந்துகொள்வதோடு சரி. மலையேறும் படிகளைத் தம் செலவில் அமைத்தவர் பேத்ருஸ் உஸ்கான் என்ற அர்மேனிய வணிகர். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது பாலம் கட்டியவரும் அவரே. 1751இல் மறைந்த அவருடைய உடல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டது. இதயம் மட்டும் அவர் விருப்பப்படி பாரசீகத்திலுள்ள ஜுல்பாவுக்கு, அவருடைய முன்னோர் ஊருக்கு, அனுப்பப்பட்டது என்பர்.

"வரும் ஞாயிறு பரங்கிமலைக்குப் போவோம் அம்மா, மேலே வரை கார் போகும்" என்றோம்.

"ஞாயிறு எதற்கு? கூட்டமாக இருக்கும். வியாழனே போகலாமே" என்றார் அன்னையார்.