வளைவிலே வாலடித்த வண்டி

மழை பெய்து ஓய்ந்த வேளையிலே, வளைவொன்றில் மோட்டார் வண்டியின் பின்பாகம் திடீரென வெளிப்புறமாக விலகிச் செல்வதை நேயர்களிற் சிலரேனும் அனுபவித்திருப்பர். முன்சக்கரங்கள் தெருவைப் பற்றிநிற்க, பின்சக்கரங்கள் பிடியை இழக்கின்றன. சாரதி திருப்பிய அளவுக்கு மேலாகவே வண்டி திரும்பிவிடுகின்றது. பொறியியலாளர் இதனை 'ஓவர்ஸ்ரியர்' என்பர். பின்சறுக்கல் என்று நாம் சொல்லலாம்.

அவ்வேளையிற் செய்யவேண்டியவை இரண்டு. வால் எப்பக்கம் போகின்றதோ அப்பக்கமாகவே சுக்கானைத் திருப்புதல் ஒன்று. அக்சிலறேற்றரிலிருந்து காலைச் சட்டென எடுக்காதிருத்தல் மற்றொன்று. முன்னையதைக் கைகள் விரைவிற் கற்றுக்கொள்ளும். பின்னையதோ அச்சத்துக்கு எதிரான செயலாகையால் மிகவும் அரிது. காலை எடுத்த கணமே வண்டியின் பாரம் முன்னே சாய்கின்றது. பின்சக்கரங்களை நிலத்தோடு அழுத்தும் சுமை குறைகின்றது. எஞ்சியிருந்த பிடியும் போய்விடுகின்றது.

இவ்வுண்மையை மிகக் கொடிய வகையிற் கற்பித்த வண்டியொன்று ஜேர்மனியிலே தோன்றியது. 1934ஆம் ஆண்டு தொடக்கம் பெரும் பரிசுப் பந்தய வண்டிகள் 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறையுடையனவாக இருத்தலாகாது என்று விதி வந்தது. நான்கு கம்பனிகள் ஒன்றிணைந்து உருவான ஓட்டோ யூனியன், அவ்விதிக்கமையப் பேர்டினண்ட் போர்ஷே வகுத்த வண்டியொன்றைக் களத்தில் இறக்கியது. பதினாறு சிலிண்டர் எஞ்சின் சாரதிக்குப் பின்னே இருந்தது. எரிபொருட் தாங்கி இரண்டுக்கும் நடுவே இருந்தது. சாரதியோ முன்சக்கரங்களை அண்டி, வண்டியின் மூக்கிலே அமர்ந்திருந்தார். 1936ஆம் ஆண்டளவில் அவ்வெஞ்சின் 6 லீற்றராகி ஏறத்தாழ 520 குதிரைவலுவைத் தந்தது. மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்திலும் பின்சக்கரங்களை வழுக்கிச் சுழலச் செய்யப் போதுமான வலு அது.

இதனால் விளைந்த இடர்கள் பல. வழக்கமான வண்டியிலே சாரதி பின்னச்சுக்கு அண்மையில் இருப்பார். வால் அசைந்தவுடன் அவருடைய இருக்கையே அதனை அறிவித்துவிடும். ஓட்டோ யூனியனிலோ, வால் வெகுதூரம் விலகிய பின்னரே செய்தி சாரதியை எட்டும். இதனினும் பெரிய குறை பின்னச்சின் அமைப்பிலே இருந்தது. ஒவ்வொரு பின்சக்கரமும், நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியிலிருந்து பறவைச் சிறகுபோல் மேலும் கீழும் அசையும் அரையச்சு ஒன்றிலே பொருத்தப்பட்டிருந்தது. பின்பாகம் உயருமாயின் சக்கரத்தின் அடிப்புறம் உள்நோக்கி மடங்கும்; ரயரின் முழு அகலமும் நிலத்திற் படியாது. பின்பாகம் உயர்வது எப்போது? சாரதி அஞ்சிக் காலை எடுக்கும் அதே கணத்தில்! அச்சத்தை இவ்வளவு கடுமையாகத் தண்டித்த பந்தய வண்டி வேறொன்று இருந்ததாக யான் கருதவில்லை.

மலையேற்றப் பந்தயங்களிற் பேர்பெற்ற ஹான்ஸ் ஸ்ருக், 1934இலேயே இவ்வண்டியில் ஜேர்மானிய, சுவிஸ், செக்கோசிலோவாக்கியப் பெரும் பரிசுகளை வென்றார். எனினும் அதனை முற்றாகத் தன்வசப்படுத்தியவர், அதற்குமுன் கார்ப் பந்தயம் எதிலும் கலந்துகொள்ளாத இளைஞர் ஒருவர். பேர்ண்ட் றோசெமேயர் என்னும் அவர் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுநராய் இருந்தவர். 1935 ஜூனில், நூர்பேர்க்றிங் மலைத்திடலிலே, தமது இரண்டாவது கார்ப் பந்தயத்திலேயே மேர்சிடிஸ் அணியின் கறாச்சியோலாவுக்கு இரண்டு விநாடிக்கும் குறைந்த இடைவெளியில் இரண்டாவதாக வந்தார். அடுத்த ஆண்டு அதே திடலில், மூடுபனி கவிந்து ஏனையோர் வேகத்தைக் குறைத்தபோது, அவர் குறைக்காமலே ஓடி வென்றார். அவ்வாண்டின் ஐரோப்பிய வீரரும் அவரே.

பழைய வண்டிகளின் பழக்கம் எதனையும் அவர் மறக்கவேண்டியிருக்கவில்லை. அதனாலேயே வென்றார் என்பர் பலர். அது பாதி உண்மையே. மோட்டார்ச் சைக்கிளிற் செல்பவன் பின்சக்கரம் வழுக்குவதை நாள்தோறும் உணர்பவன். வலுவை முற்றாக நிறுத்தாது, கையளவாற் கூட்டியும் குறைத்தும் அவ்வழுக்கலை ஆள்பவன். றோசெமேயரின் கை கற்றிருந்ததையே அவரது கால் செய்தது என்பது என் எண்ணம்.

இவ்வெற்றிகளுக்குப் பின்னால் ஹிட்லர் அரசின் பணமும் இருந்தது என்பதை மறைத்தலாகாது. அவ்வரசு இவ்வண்டிகளைத் தன் பெருமைக்கு விளம்பரமாக்கியது, றோசெமேயரையும் எஸ்.எஸ். அமைப்பில் ஓர் உறுப்பினராக்கிக் கொண்டது. 1938 ஜனவரி 28ஆம் நாள், பிராங்பேர்ட் நகருக்கும் டார்ம்ஸ்ராட் நகருக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையிலே வேகச் சாதனையொன்றுக்கு முயன்றபோது அவர் இறந்தார். மணிக்கு 400 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில், வளைவேதுமில்லா நேர்பாதையில், குறுக்குக் காற்று வண்டியைத் தள்ளியது என்பர். அவருக்கு வயது இருபத்தெட்டு.

அதே ஆண்டு விதிகள் மாறின. எபெரான் வொன் எபெர்ஹோர்ஸ்ற் புதிய வண்டியொன்றை வகுத்தார். பன்னிரண்டு சிலிண்டருடைய 3 லீற்றர் எஞ்சின் அதிற் பொருத்தப்பட்டது. எரிபொருள் இருபுறத்துக்கும் மாற்றப்பட்டமையாற் சாரதியின் இருக்கை பின்னே நகர்ந்தது. சிறகச்சு நீக்கப்பட்டு, சக்கரங்களை நிமிர்த்தியே வைத்திருக்கும் டி டியோன் அச்சு வந்தது. இவ்வண்டியைப் பொறுப்பேற்றவர் இத்தாலியரான தாற்சியோ நுவோலாரி. அவர் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர். சறுக்கல் வருமட்டும் காத்திராமல், வளைவுக்கு முன்பே தாமாகவே அதனைத் தொடக்கி, நான்கு சக்கரங்களும் சேர்ந்து வழுக்க, அக்சிலறேற்றராலேயே வண்டியின் திசையை ஆண்டவர். இங்கிலாந்தின் டொனிங்டன் பூங்காவிற் பயிற்சி செய்தபோது மானொன்றில் மோதி விலாவில் அடிபட்டும், 1938 ஒக்டோபரில் நடந்த பந்தயத்தை அவரே வென்றார்.

1939 செப்ரெம்பர் 3ஆம் நாள் பெல்கிறேட் நகரத் தெருக்களிலே நுவோலாரி மீண்டும் வென்றார். பிரித்தானியாவும் பிரான்சும் ஜேர்மனிமீது போர் தொடுப்பதாக அறிவித்ததும் அன்றேதான். எஞ்சிய வண்டிகளைச் சக்சனி மாநிலத்திலே சுரங்கமொன்றில் ஒளித்து வைத்தனர். போர் முடிந்ததும் சோவியத் படையினர் அவற்றைக் கண்டெடுத்துத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர்.