இசைத்தட்டின் மூன்று நிமிடங்கள்

என் சிறு வயதில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கிராமபோன் பெட்டி இருந்தது. அதற்குச் சாவி கொடுப்பது என் வேலை. ஊசியைத் தட்டின்மேல் வைப்பதோ பாட்டனாரின் தனி உரிமை. ஒரு நாள், அவர் வெளியே சென்றிருந்த வேளையில், எஸ். ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டு ஒன்றைக் கை நழுவ விட்டேன். அஃது அப்பளம் போல நொறுங்கிற்று. பாட்டனார் என்னை அடிக்கவில்லை. துண்டுகளைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்து வைத்தார். 1933-இல், 27-ஆம் வயதிலேயே மறைந்த அப்பாடகரின் குரல் அத்தகைய தட்டுகளின் வழியாகவே நமக்கு எட்டுகிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கிற்று.

அது நொறுங்கியதற்குக் காரணம் உண்டு. அந்நாளைய தட்டுகள் அரக்கினால் ஆனவை. நம் நாட்டுக் காடுகளில் மரக்கிளைகளின்மேல் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. அதனோடு கல்தூளும் கரியும் கலந்து அழுத்தித் தட்டாக்கினார்கள். உலகெங்கும் இசை கேட்டவர்கள் பெரும்பாலும் இந்திய அரக்கின் வாயிலாகவே கேட்டார்கள் என்றால் மிகையாகாது.

ஒலியை முதன்முதல் பிடித்து மீண்டும் ஒலிக்கச் செய்தவர் அமெரிக்காவின் எடிசன். 1877-இல் அவர் செய்த கருவியில் வெள்ளீயத் தாள் சுற்றிய உருளை ஒன்று சுழன்றது. குரலால் அதிரும் தகட்டில் பொருத்திய ஊசி தாளில் பள்ளம் பதித்தது; அதே பள்ளத்தில் ஊசி மீண்டும் ஓடியபோது குரல் திரும்பி வந்தது. வியப்பு என்னவென்றால், அக்கருவியின் பயன்களுள் கடிதம் சொல்லி எழுதுவிப்பதையே அவர் முன்னே வைத்தார். இசை பின்வரிசையில் நின்றது! உருளையைப் பல படிகளாகப் பெருக்குவதும் எளிதாயில்லை. எமில் பெர்லினர் 1887-இல் தட்டையான வட்டத்தைக் கொண்டு வந்தார். ஓர் உலோக அச்சிலிருந்து எத்தனையோ தட்டுகளை அழுத்தி எடுக்கலாம் என்பதே அதன் வெற்றி.

1902-இல் பிரெட் கைஸ்பர்க் என்னும் பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் அம்மையாரைப் பாடச் செய்தார். அப்போது மைக் கிடையாது. பெரிய ஊதுகுழலின் வாயருகே நின்று உரக்கப் பாட வேண்டும். பாட்டின் முடிவில் அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பார். பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று தட்டாகி வந்தமையால், அங்குள்ள தொழிலாளர் பாடியவர் இன்னார் என்று அறிய அஃது உதவிற்று என்பர்.

பத்தங்குலத் தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 முறை சுழலும். ஒரு பக்கம் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். மாணவ நண்பர்களே, நம் சங்கீதத்துக்கு இஃது எவ்வளவு பெரிய நெருக்கடி என்று எண்ணிப் பாருங்கள். கச்சேரியில் அரைமணி ஆலாபனை செய்யும் வித்துவான் சில விநாடிகளில் ராகத்தின் முகத்தைக் காட்ட வேண்டும், நிரவலுக்கு இடமில்லை, கற்பனை ஸ்வரம் கைப்பிடியளவே. இதனால் சங்கீதம் குறுகிப்போயிற்று என்று வருந்துவோர் உண்டு. நான் அவ்வாறு கருதுவதில்லை. வீண் சொல் நீக்கிய நல்ல கடிதத்தைப் போன்றவை அப்பதிவுகளுள் சிறந்தவை. ஆயினும், கச்சேரி அப்படித்தான் இருந்தது என்று அவற்றைக் கொண்டு முடிவு செய்துவிடலாகாது.

1925-இல் மின்முறைப் பதிவு வந்ததும் மெல்லிய குரலுக்கும் இடம் கிடைத்தது. 1948-இல் வெளிவந்த வினைல் எல்.பி. தட்டு எளிதில் நொறுங்காது. நிமிடத்துக்கு 33⅓ சுற்றாக மெல்லச் சுழன்று, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேலும் பாடிற்று. பின்பு வந்தவை விரைந்து வந்தன: 1963-இல் காசெட், 1982-இல் குறுந்தட்டு. குறுந்தட்டில் ஊசியே இல்லை; விநாடிக்கு 44,100 முறை அளந்த எண்களை லேசர் ஒளி படிக்கிறது. இப்போது தட்டும் வேண்டாம், கைப்பேசி போதும்.

அண்மையில் என் பேரன் அவனுடைய கைப்பேசியில் கிட்டப்பாவின் பழைய பதிவுகளைத் தேடிக் கொடுத்தான். காகித மடிப்பிலிருந்த துண்டுகளின் பெயர்ச்சீட்டை ஒட்டவைத்துப் பார்த்து, ஒரு பக்கத்துப் பாட்டைக் கண்டுபிடித்துவிட்டோம். ஊசியின் இரைச்சலோடு அது மூன்று நிமிடம் பாடி நின்றது. மறுபக்கத்துப் பாட்டு இன்னும் அகப்படவில்லை.