இந்திய உள்நாட்டு வான்பயணத்தில் மலிவுக் கட்டண நிறுவனங்களும் முழுச்சேவை நிறுவனங்களும்

பயணச்சீட்டின் விலைக்குள்ளேயே உணவு உள்ளிட்ட வசதிகளை அடக்கி, ஒரே விமானத்தில் பிசினஸ், எகானமி என வெவ்வேறு வகுப்புகளை வைத்திருப்பவை முழுச்சேவை விமான நிறுவனங்கள் எனப்படும். அடிப்படையில் இருக்கையை மட்டும் விற்று, உணவு, விருப்ப இருக்கை போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் பெறுபவை மலிவுக் கட்டண நிறுவனங்கள். ஏட்டளவில் தெளிவான இந்த வரையறை இந்திய உள்நாட்டு வான்வழியில் முழுமையாகப் பொருந்தியிருந்த காலம் மிகக் குறுகியது.

1953ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டுடைமையான விமானப் போக்குவரத்து 1990களின் தொடக்கத்தில் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டபோது வந்த ஜெட் ஏர்வேஸ் முதலியவை முழுச்சேவை முறையையே பின்பற்றின. ஓய்வுபெற்ற ராணுவ கேப்டன் கோபிநாத் 2003இல் தொடங்கிய ஏர் டெக்கான்தான் நாட்டின் முதல் மலிவுக் கட்டண நிறுவனம். சிறுநகரங்களுக்கு ஏடிஆர் வகைச் சிறுவிமானங்களை இயக்கி, ஒரு ரூபாய்க்கும் சில இருக்கைகளை விற்ற அதன் வரலாற்றைத் தழுவியதே 2020இல் வெளிவந்த ‘சூரரைப் போற்று’ திரைப்படம். ஸ்பைஸ்ஜெட் 2005இலும் இண்டிகோ 2006இலும் பறக்கத் தொடங்கின. இதே காலத்தில் சென்னையிலிருந்து இயங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ், எம்ப்ரேயர் விமானங்களில் பிசினஸ் வகுப்பு இருக்கைகளை முன்னிறுத்தி நேர்எதிர் வழியில் சென்று 2010இல் நின்றுபோனது. ஏர் டெக்கானை வாங்கித் தன் பெயருக்கு மாற்றிய கிங்ஃபிஷர் 2012இலும், ஜெட் ஏர்வேஸ் 2019இலும் முடங்கின. ஆயினும் மலிவு முறையே நிலைக்கும் என்று இதிலிருந்து முடிவுகட்ட இயலாது. கோ ஃபர்ஸ்ட் என்ற மலிவுக் கட்டண நிறுவனமும் 2023 மே மாதத்தில் பறப்பதை நிறுத்தியது.

இரு முறைகளுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு விமானத்திற்குள் பரிமாறப்படும் உணவில் இல்லை, செலவுக் கணக்கில் இருக்கிறது. இந்திய நிறுவனங்களின் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை விழுங்கும் எரிபொருளின் விலையும் அதன்மீது மாநிலங்கள் விதிக்கும் வரியும் இரு தரப்புக்கும் பொதுவானவை என்பதால், மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வேறாகிறது. ஏர்பஸ் ஏ320நியோ என்ற ஒரே வகை விமானத்தில் இண்டிகோ 186 எகானமி இருக்கைகளை அமைக்க, முழுச்சேவை நிறுவனமான விஸ்தாரா பிசினஸ் 8, பிரீமியம் எகானமி 24, எகானமி 132 என மொத்தம் 164 இருக்கைகளையே வைத்திருந்தது. பெரிதும் மாறாத எரிபொருள் செலவை 22 பேர் கூடுதலாகப் பங்கிட்டுக்கொள்வதே மலிவின் அடித்தளம். தரையிறங்கிய விமானத்தை ஏறத்தாழ அரைமணி நேரத்தில் மீண்டும் கிளப்பி ஒரு நாளில் கூடுதல் நடைகள் பறக்கவிடுவதும், கூடியவரை ஒரே வகை விமானத்தை வாங்கி விமானிப் பயிற்சி, உதிரிபாகம் ஆகியவற்றின் செலவைக் குறைப்பதும் இதனுடன் சேரும். சிறுநகரத் தடங்களுக்காக ஏடிஆர் விமானங்களையும் இயக்கும் இண்டிகோ, பின்னைய விதியைத் தேவைக்கேற்பத் தளர்த்தியே வந்துள்ளது.

பயணியின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு சுருங்கிவிடுகிறது. இரு வகை நிறுவனங்களிலும் எகானமி பயணிக்கு வழக்கமாக 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும் அனுமதிக்கப்படுகின்றன. டாடா குழுமத்தின் மலிவுப் பிரிவான ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போன்றவை, பெட்டியே இல்லாமல் வருவோருக்குக் குறைந்த கட்டணச் சீட்டையும் விற்கின்றன. கட்டணம் தேவைக்கேற்ப நாளுக்கு நாள் மாறுவதால், பயண நாள் நெருங்கும்போது மலிவு நிறுவனத்தின் சீட்டு முழுச்சேவைச் சீட்டை எட்டுவதும் தாண்டுவதும் அரிதன்று. ஆகவே உணவும் இருக்கைத் தேர்வும் சேர்ந்த மொத்தத் தொகையை ஒப்பிடாமல், முதலில் திரையில் தோன்றும் விலையை ஒப்பிடுவது தவறான முடிவையே தரும்.

சட்டமும் இவ்விரு வகைகளை வேறுபடுத்துவதில்லை. டிஜிசிஏ என அழைக்கப்படும் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பின் விதிகளின்படி, நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் உள்ள காரணத்தால், உரிய முன்னறிவிப்பின்றி விமானம் ரத்தானால், பயண நேரத்தைப் பொறுத்து ரூ.5,000, ரூ.7,500, ரூ.10,000 என்ற வரம்புத் தொகை, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது இழப்பீடாகும். மிகக் குறைந்த விலையில் சீட்டு வாங்கியவருக்கு இழப்பீடும் குறையக்கூடும் என்பது இவ்விதியின் அதிகம் கவனிக்கப்படாத விளைவு.

2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்ததால் பெரிய முழுச்சேவை நிறுவனம் ஒன்றே எஞ்சியது. அதே மாதத்தில் இண்டிகோ டெல்லி–மும்பை தடத்தில் ‘ஸ்ட்ரெச்’ என்ற பெயரில் பிசினஸ் வகுப்பைத் தொடங்கியது. உள்நாட்டுப் பயணிகளில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரைச் சுமக்கும் அந்நிறுவனம், விமானிகளின் ஓய்வுநேரம் குறித்த புதிய விதிகளுக்கு ஏற்ப ஆள்பலத்தைத் திட்டமிடத் தவறி, 2025 டிசம்பர் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான நடைகளை ரத்து செய்தபோது பிற நிறுவனங்களின் சீட்டு விலையும் வெகுவாக ஏறியது. மத்திய அரசு அப்போது எகானமி வகுப்புக்குத் தற்காலிகமாக விதித்த உச்சவரம்பு பயணத் தொலைவை மட்டுமே அளவுகோலாகக் கொண்டிருந்தது. நிறுவனம் எவ்வகையைச் சேர்ந்தது என்பது அதில் கணக்கில் கொள்ளப்படவில்லை.