ஆரணிச் சௌராஷ்டிரமும் மந்தசோர்ச் சாசனமும்

வந்தவாசி தொடங்கி ஆரணிவரை பரந்துள்ள வட்டாரத்தில், தமிழோடு தெலுங்கும் உருதுவும், ஆரணி ஜாகீர்தார் வமிசத்தின் வாயிலாக மராத்தியும், பட்டுத்தறி நெய்யும் குடும்பங்கள் சிலவற்றில் சௌராஷ்டிரமும் வழங்கிவந்திருக்கின்றன. இறுதியிற் கூறிய பாஷையின் பூர்வ சரித்திரத்தை ஆராய்ந்தோர் பலரும், மந்தசோரில் கிடைத்த குப்தர் காலத்துச் சாசனத்தையே மூலப் பிரமாணமாகக் கொண்டு, அதிற் பேசப்படும் பட்டுநெசவாளரே தென்னாட்டுச் சௌராஷ்டிரரின் முன்னோர் என்று முடிவுகட்டினர். சாசனம் அதற்கு இடந்தரவில்லை என்பது எம் துணிபு.

வத்ஸபட்டி வடமொழியில் யாத்த அச்சாசனம், லாட தேசத்தினின்றும் தசபுரம் எனப்பட்ட மந்தசோருக்குக் குடியேறிய பட்டுநெசவாளர் சிரேணி என்னும் தொழிற்குழு, முதலாம் குமாரகுப்தன் காலத்தில், மாளவ ஆண்டு 493இல் (கி.பி. 436) சூரியனுக்கு ஆலயம் எடுப்பித்ததையும், பின்னர் 529இல் (கி.பி. 473) அதனைப் புதுப்பித்ததையும் விவரிக்கிறது. லாடமாவது தென் குஜராத். சௌராஷ்டிரமோ அதற்கு மேற்கேயுள்ள தீபகற்பம். அன்றியும், அவர்கள் சென்றது வடகிழக்கே, தசபுரம் அமைந்த மாளவத்துக்கு. தெற்கு நோக்கிய பயணம் பற்றிச் சாசனத்தில் ஒரு சொல்லும் இல்லை. இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. குடியேறியோருள் சிலர் வில்வித்தையிலும், சிலர் சோதிடத்திலும், சிலர் போர்த்தொழிலிலும் சிறந்து விளங்க, ஏனையோரே நெசவில் நிலைத்தனர் என்று அச்சாசனமே உரைப்பதால், தொழிலின் தொடர்ச்சியை வமிசத்தின் தொடர்ச்சியாகக் கொள்ளும் வாதம் தன் ஆதாரத்தாலேயே தளர்கிறது. அவர்கள் வீட்டில் பேசிய மொழி யாது என்பதற்கோ அதில் குறிப்பே இல்லை. இரு சாராருக்கும் தூரத்து உறவு இருந்திருக்கலாகாது என்று யாம் சாதிக்கவில்லை. அதை நிறுவும் ஆற்றல் இச்சாசனத்துக்கு இல்லை என்றே கூறுகிறோம். பட்டுத்தொழில் ஒன்றே போதிய சான்று என்பாருக்கு, ஆரணியிலேயே தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோரும் பட்டு நெய்கின்றனர் என்பது விடையாகும்.

ஆகவே மொழியையே சாட்சியாகக் கொள்ளவேண்டும். கிரியர்சனின் இந்திய மொழியளவைத் தொகுதி 1908இல் சௌராஷ்டிரத்தைப் ‘பட்ணூலி’ என்னும் பெயரால் குஜராத்தியோடு வைத்தது. ஆயின் சென்னை மாகாணம் அவ்வளவைக்கு உட்படுத்தப்படவில்லையாதலின், அவ்வகைப்பாட்டை இறுதித் தீர்ப்பாக ஏற்றல் தகாது. குஜராத்தி, மராத்தி இரண்டோடும் உறவுடைய இப்பாஷையில் தெலுங்குச் சொற்கள் மிக ஆழமாகப் படிந்துள்ளன. கிழக்காப்பிரிக்கச் சுவாஹிலியில் அரபுச் சொற்கள் மலிந்திருந்தும் அதன் இலக்கணம் பாந்துக் குடும்பத்ததே ஆதல்போல, தெலுங்குச் சொற்கள் சௌராஷ்டிரத்தின் பிறப்பைக் காட்டமாட்டா. எனினும் அதனைப் பேசியோர் தெலுங்கரோடு நெடுங்காலம் கலந்து வாழ்ந்தனர் என்பதை எந்தச் சாசனத்தினும் தெளிவாகக் காட்டுகின்றன. 1781இல் பிறந்த, தியாகராஜரின் சீடரான வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் தெலுங்கிலும் சௌராஷ்டிரத்திலும் கீர்த்தனங்கள் இயற்றியமை, அக்கலப்பு வடார்க்காட்டிலும் நீடித்தமைக்குச் சான்று.

2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகக் குறித்தோர் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். இம்மொழியின் பூர்வத்துக்கு மொழியே சாட்சியாதலின், ஆரணி முதியோரின் பேச்சை மதுரை, சேலம் வழக்குகளோடு ஒப்புநோக்கி ஒலிப்பதிவு செய்யும் பணியை, அவர்கள் உள்ளபோதே மொழியியல் துறையினர் மேற்கொள்ளவேண்டும்.