நெற்றி விளக்கு பெட்ரியை வேப்பில் போடலாமா?

கூடாது. ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால் கடையில் சரியான பெட்ரியைக் கேட்டு வாங்கவும் முடியும்.

பேராக்கில் இரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. இருந்தாலும் விடியுமுன் மரம் சீவப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் நெற்றியில் கட்டும் எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் இருப்பதும், ஈப்போ இளைஞர்கள் வைத்திருக்கும் பெரிய வகை வேப்பில் இருப்பதும் ஒரே அளவு பெட்ரிதான். அதன் பெயர் 18650. விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். (மின்கலம் என்பதே நல்ல தமிழ். ஆனால் கடையில் அப்படிக் கேட்டால் யாருக்கும் புரியாது.)

அளவு ஒன்றாக இருப்பதால், அவசரத்துக்கு ஒன்றைக் கழற்றி மற்றொன்றில் போடத் தோன்றும். ஆபத்து அங்கேதான்.

பெட்ரியில் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. மில்லியாம்பியர்-மணி என்பது தொட்டியில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பது போல. ஆம்பியர் என்பது குழாய் எவ்வளவு அகலம் என்பது போல. நெற்றி விளக்குக்குப் பெரிய தொட்டியும் சிறிய குழாயும் போதும். பெரும்பாலும் 1 முதல் 3 ஆம்பியர் வரைதான் இழுக்கும். வேப் அப்படியல்ல. சில விநாடிகளில் கம்பிச்சுருளைச் சூடாக்க வேண்டும் என்பதால் 15, 20 ஆம்பியர் கூட இழுத்துவிடும்.

கணக்கு எளிது. ஒரே பெட்ரி கொண்ட வேப்பை 60 வாட்டில் வைக்கிறீர்கள் என்று வையுங்கள். பெட்ரி இறங்கி 3.2 வோல்ட்டில் இருக்கும்போது 60-ஐ 3.2-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 19 ஆம்பியர். கருவியில் வீணாவதையும் சேர்த்தால் 20-ஐத் தாண்டும். மின்சுற்றுப் பாதுகாப்பே இல்லாத 'மெக்கானிக்கல்' வகையில் நிலைமை இன்னும் மோசம். 0.2 ஓம் சுருள் போட்டால், முழுமையாக ஏற்றிய 4.2 வோல்ட் பெட்ரியிலிருந்து 21 ஆம்பியர் ஓடும். தடுக்க எதுவும் இல்லை. புதியவர்கள் அந்த வகையைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஒரே அளவு உருளைக்குள் தொட்டியைப் பெரிதாக்கினால் குழாய் சிறுக்கும். பேனசோனிக் என்.சி.ஆர்.18650பி 3,400 மில்லியாம்பியர்-மணி கொண்டது. விளக்குக்கு அருமை, ஆனால் 5 முதல் 7 ஆம்பியர்தான் தாங்கும். சாம்சங் 25ஆர் 2,500தான், ஆனால் 20 ஆம்பியர் தாங்கும். எல்.ஜி. எச்.ஜி.2 என்பது 3,000, 20 ஆம்பியர். கருவியில் இடமிருந்தால் 21700 எனும் சற்றுப் பெரிய வகை இரண்டிலும் கூடுதலாகத் தரும்.

பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகள் உள்ளே இருக்கும் ரசாயனத்தைச் சொல்கின்றன. ஐ.சி.ஆர். என்பது கோபால்ட். சூடானால் எளிதில் கட்டுமீறுவது இதுதான், வேப்புக்கு வேண்டாம். ஐ.எம்.ஆர்., ஐ.என்.ஆர். இரண்டும் ஏற்றவை. ஐ.எஃப்.ஆர். பாதுகாப்பானதுதான், ஆனால் அதற்குத் தனிச் சார்ஜர் வேண்டும்.

9,900 என்று அச்சிட்ட 18650 கண்ணில் பட்டால் நகர்ந்துவிடுங்கள். நல்ல நிறுவனத்து 18650 பொதுவாக 3,600-ஐத் தாண்டுவதில்லை. எடை பார்ப்பதும் நல்ல சோதனை. அசல் ஏறக்குறைய 45 முதல் 48 கிராம் இருக்கும். சமையலறைத் தராசு போதும். பழைய மடிக்கணினியிலிருந்து பிரித்தெடுத்ததற்குப் புது உறை மாட்டி விற்பதும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாம்சங், எல்.ஜி. இரண்டுமே தங்கள் 18650 பெட்ரிகளைத் தனியாக வாங்கி வேப்பில் போட வேண்டாம் என்று எச்சரித்திருக்கின்றன. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் 2021 ஜனவரியில் இதையே சொன்னது. நம் நாட்டில் வேப் கருவிக்கு சிரிம் சான்று கட்டாயம். அது கருவிக்குத்தான், பிறகு நீங்கள் வாங்கிப் போடும் பெட்ரிக்கு அது பேசாது. ஆகவே உள்ளேயே பெட்ரி பொருத்திய சிறிய வகையே குறைந்த தலைவலி. சட்டம் 852-இன்படி 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு எந்த வகையையும் விற்கக்கூடாது. 2024 அக்டோபர் 1 முதல் இது நடப்பில் உள்ளது.

வாயில் வைத்திருக்கும்போதுதான் வெடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை கணக்கெடுத்த 195 சம்பவங்களில் 61, சட்டை அல்லது கால்சட்டைப் பையில் இருந்தபோது நடந்தவை. பையில் சாவியும் சில்லறைக் காசும் பெட்ரியின் இரு முனைகளையும் இணைத்துவிட்டால் போதும். உதிரி பெட்ரிக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள். நிறப் பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தால், முக்கியமாக நேர்முனைப் பக்கம், அதைப் பயன்படுத்தாதீர்கள். உறைக்குக் கீழே இருக்கும் உலோகம் முழுவதுமே எதிர்முனை. வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியிலும் வைக்காதீர்கள்.

தீக்காயம் பட்டால் மருத்துவரிடம் பெட்ரி வெடித்தது என்று மறக்காமல் சொல்லுங்கள். அதில் ரசாயனக் காயமும் கலந்திருக்கலாம்.

தோட்டத்து வீடுகளில் குப்பையைப் பின்புறம் குவித்து எரிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தக் குவியலில் பழைய பெட்ரியோ, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்போ போகவே கூடாது. இரு முனைகளிலும் டேப் ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.