ஐப்பசியில் கம்பம் பள்ளத்தாக்கு: மலையைத் துளைத்து வந்த தண்ணீர்

தீபாவளி விடுமுறைக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு நம் குடியிருப்பில் தொடங்கிவிட்டது. வெயில் தணிந்து மலையில் மேகம் இறங்கும் ஐப்பசியில், மதுரைக்காரர்களான நமக்குப் பக்கத்தில் இருப்பது கம்பம் பள்ளத்தாக்கு. சுருளி, மேகமலை, குமுளி எல்லாம் தெரிந்த இடங்கள்தான். ஆனால் வழிநெடுக நாம் பார்க்கும் பசுமையில் பெரும்பங்கு மழை தந்ததல்ல.

தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடும். இந்தப் பக்கம் வருவது காற்றும் சாரலும்தான். பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்க, வைகையோ பல மாதங்கள் வெறும் மணலாகக் கிடந்தது. அந்த ஆற்றை இந்தப் பக்கம் திருப்பினால் என்ன என்று 1789-லேயே ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பிப் பார்த்தார். பணம் இல்லாமல் யோசனை நின்றது. 1808-ல் ஆய்வு செய்த ஜேம்ஸ் கால்டுவெல் இது நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். 1876 முதல் 1878 வரை வாட்டிய தாதுவருஷப் பஞ்சத்துக்குப் பிறகுதான் சென்னை அரசு இதில் முழுமூச்சாக இறங்கியது.

1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தம்: 8,000 ஏக்கர், 999 ஆண்டுக் குத்தகை, ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய். மறு வருடம் வேலை தொடங்கியது. சாலை கிடையாது, யானை நடமாடும் காடு, மழைக்காலத்தில் வெள்ளம். கட்டியதை ஆறு அடித்துக்கொண்டு போக, மறுபடி கட்டினார்கள். காய்ச்சலிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த கலவையில் அணை எழுந்தது. 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார். அதுவும் ஐப்பசியை ஒட்டிய நாள்தான்!

என்னைக் கேட்டால், அணையைவிட அதிசயம் சுரங்கம். தேக்கடி ஏரியிலிருந்து வெட்டிய வாய்க்கால் மலைக்குள் நுழைந்து, ஒரு மைலுக்கும் அதிகமாகப் பாறைக்குள் ஓடி இந்தப் பக்கம் வெளியே வருகிறது. மேற்கே போக வேண்டிய தண்ணீர் செங்குத்தான மலைச்சரிவில் விழுந்து, வைரவனாறு, முல்லையாறு வழியாக வைகையில் சேர்கிறது. பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இருபோக நெல். நம் வீட்டுக் குழாயில் வரும் வைகைத் தண்ணீரிலும் அதன் பங்கு உண்டு.

பென்னிகுக் தன் சொத்தை விற்று அணை கட்டினார் என்று தேனிப் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். செலவு செய்தது சென்னை மாகாண அரசு. அதனால் அவர் பெருமை குறையவில்லை. ஜனவரி 15, அவர் பிறந்தநாளில், பாலார்பட்டியில் இன்றும் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். கல் சுமந்து இறந்த கூலிகளுக்கும் ஒரு பானை வைக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

போகிறவர்களுக்கு: அணைக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. லோயர் கேம்ப்பில் பென்னிகுக் மணிமண்டபம் இருக்கிறது. அங்கிருந்து குமுளி மலைப்பாதையில் ஏறினால், மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறக்கும் ராட்சதக் குழாய்கள் சரிவில் தெரியும். மின் உற்பத்தி நிற்கும் நாட்களில் அதே தண்ணீர் இரைச்சல் பாலம் வழியாகப் பாய்கிறது. பெயருக்கு ஏற்ற சத்தம். கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள். மழை வலுத்தால் சுருளியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது கம்பத்தில் பன்னீர் திராட்சை வாங்க மறக்க வேண்டாம்.