சௌராஸ்தா மாடியும் பழைய நூல்களும்

ஜார்ஜ்டவுன் நகரின் பினாங்குச் சாலையிலுள்ள சௌராஸ்தா சந்தையை அறியாத பினாங்குத் தமிழர் அரியர். நாற்சந்தியைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. 1890இல் தோன்றிய இச்சந்தை 1961இல் புதிய கட்டடம் பெற்றது. கீழே மீனும் காய்கறியும் விற்க, மாடியில் பழைய நூற்கடைகள் அமைந்தன. அவற்றை நடத்திவந்தோருள் தமிழ் முஸ்லிம்கள் பலர். குறைந்த விலைக்கு நூல் தேடிய மாணவர்க்கு அம்மாடி நெடுங்காலம் துணைநின்றது. ஆதலின் அதன் வரலாற்றை நம் கல்வி வரலாற்றின் ஒரு பகுதியாகவே கொள்கிறோம்.

பழைய நூலுக்கு விலை வைப்பவர் முதலில் எண்ணிப் பார்ப்பது, அதனை அடுத்துக் கேட்டு வருவோர் உளரா என்பதே. பாடத்திட்டம் மாறாத வரையில் அக்காள் படித்த நூலைத் தம்பியும் படிக்கலாம். கடைக்காரரும் துணிந்து வாங்கி வைப்பார். 1983இல் கேபிஎஸ்ஆர் என்னும் தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 2011 முதல் கேஎஸ்எஸ்ஆர் படிப்படியாக அதன் இடத்தைப் பெற, வகுப்பு வகுப்பாக முந்திய நூல்கள் கைவிடப்பட்டன. இதனிடையே, 1975இல் தொடங்கிய பாடநூல் இரவல் திட்டம் 2008 முதல் வருமான வேறுபாடின்றி எல்லா மாணவர்க்கும் விரிவாக்கப்பட்டது. ஏழைப் பெற்றோர்க்கு அது பெருநன்மை. பழைய பாடநூலுக்கு இருந்த தேவையை அது குறைத்ததில் வியப்பில்லை.

கேட்பாரற்ற நூல் இறுதியில் எடைக்குப் போகிறது. தமிழ் நூலுக்கு இவ்விடத்தில்தான் பேரிடர். பெரும்பதிப்புக் கண்ட ஆங்கில நாவலின் ஒரு படி அழிந்தால் உலகில் வேறு படிகள் உள; சில நூறு படிகளே அச்சான உள்ளூர் மலருக்கு அவ்வுறுதி இல்லை. பினாங்கின் தமிழ் அச்சு மரபோ பழமையுடையது. நாகூர் குலாம் காதிறு நாவலர் 1883இல் இங்கிருந்து 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தினார். அக்காலத்து இதழ்களைப் படித்தபின் பேணிவைக்க வேண்டும் என எண்ணியோர் எத்தனை பேர்?

எண்ணியவர் ஒருவரைத் தமிழகத்தில் காண்கிறோம். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பல்கலைக்கழகம் எதனையும் சார்ந்தவரல்லர். அவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்தவற்றுள் அரிய நூல்களோடு நாடக விளம்பரங்களும் திருமண அழைப்பிதழ்களும் இருந்தன. அறிஞர் பலர் குப்பை என ஒதுக்கியிருக்கக்கூடியவை அவை! அச்சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதனை அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆய்வு நூலகம் உருவாயிற்று. சென்னையின் பழைய நூல் வணிகத்துக்குப் புகழ்பெற்ற மூர் மார்க்கெட்டோ 1985இல் தீக்கிரையானது.

சௌராஸ்தா மாடிக்கு மலிவு விலைப் பயிற்சி நூல் வாங்கச் செல்லும் மாணவர், அருகில் தமிழ் நூல்கள் கிடப்பின் அவற்றையும் புரட்டிப் பார்த்தல் நலம். அச்சகத்தின் பெயர், ஊர், ஆண்டு ஆகியன பெரும்பாலும் முதல் ஏட்டிலோ கடைசி ஏட்டிலோ இருக்கும். மூடப்பட்ட தோட்டப் பள்ளியொன்றின் முத்திரையோ, பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் மையால் எழுதிய வரியோ காணப்பட்டால், அட்டை கிழிந்திருப்பினும் அந்நூலை வாங்கிப் பள்ளி நூலகத்தில் சேர்க்கலாம். அதற்குக் கடைக்காரர் கேட்கும் தொகை, ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு ஆகும் செலவை மிஞ்சுவது அரிது.